ஒட்டுப்போட்ட பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை விற்பது எப்படி? சென்னைக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

பரணிலிருந்து இறக்கிய பழைய கிட்டாரைப் பார்த்தால் முதலில் பாலிஷ் போட்டுத் துடைக்கத் தோன்றும். அப்புறம் துருப்பிடித்த ஸ்க்ரூவை மாற்றத் தோன்றும். கரகரக்கும் வால்யூம் கண்ட்ரோலுக்குப் பதிலாக ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதுசு வாங்கிப் போடத் தோன்றும். விற்கும் எண்ணம் இருந்தால் இந்த மூன்றையும் செய்யாதீர்கள். 1950, 60, 70-களில் வந்த கிட்டாரை வாங்குகிறவர் வாசிப்பதற்காக மட்டும் பணம் தருவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி அதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்கும் சேர்த்துத்தான் தருகிறார். உடைந்து ஒட்டிய கிட்டாருக்கும் இதே கணக்குதான். நடந்துமுடிந்த ரிப்பேரை இல்லாமலாக்க முடியாது; அளந்து, படம் எடுத்து, எழுதிக் காட்ட முடியும். விலை குறையாமல் இருப்பதும் குறைவதும் அதில்தான் இருக்கிறது.

சென்னையில் இருக்கும் பழைய வெளிநாட்டு கிட்டார்களில் ஒட்டோ மாற்றமோ இல்லாதது அபூர்வம். 1991-க்கு முன் இறக்குமதி அவ்வளவு சுலபம் இல்லை. கப்பலில் வேலை பார்த்தவர்கள், வெளிநாட்டு உறவினர்கள், பெரம்பூர், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மூலம் வந்தவை, கை மாறி மெல்லிசைக் குழுக்களுக்கும் சர்ச்சுகளுக்கும் கோடம்பாக்கத்து வாத்தியக்காரர்களுக்கும் போயின. ஸ்பேர் கிடைக்காத காலம். டியூனிங் கீகள் இருக்கும் தலை உடைந்தால் ஆசாரி ஒட்டினார், பெயிண்ட் உரிந்தால் புதுப்பேட்டைப் பட்டறையில் ஸ்ப்ரே அடித்தார்கள், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் செத்தால் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனது. இவையெல்லாம் வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் அல்ல, பட்டியலில் ஏற வேண்டிய விஷயங்கள்.

முதலில்: கெடுக்காமல் வைத்திருப்பது

கேஸை வீட்டுக்குள் திறக்காமல் பால்கனியிலோ மாடியிலோ நிழலில் திறங்கள். பூஞ்சை வாடை மட்டும் என்றால் பரவாயில்லை. கற்பூர வாடையோ புளித்த வாடையோ அடித்தால் பாடியின் முன்பக்கத்து பிளாஸ்டிக் தகடான பிக்கார்டு செல்லுலாய்டாக இருக்கலாம். 1960-களின் தொடக்கத்து அமெரிக்க ஃபெண்டர் பிக்கார்டுகள் இந்த வகை. காலப்போக்கில் சுருங்கி விளிம்பில் வெடிக்கும், வெளிவிடும் வாயு பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும், எளிதில் தீப்பற்றும். சுருங்கியதை இழுத்துப் பழைய ஸ்க்ரூ துளையில் மாட்டப் பார்க்காதீர்கள், அப்படியே பிளக்கும்.

துளைகளிலிருந்து மாவு மாதிரி தூள் உதிர்கிறதா பாருங்கள். உதிர்ந்தால் வண்டு உள்ளே இருக்கலாம். கிட்டாரை ஒரு வெள்ளைத் தாள்மேல் ஒரு வாரம் தனியாக வையுங்கள். தாளில் புதுத் தூள் விழாவிட்டால் அது பழைய துளை. விழுந்தால் அதையும் விளம்பரத்தில் சொல்லத்தான் வேண்டும்.

கம்பிகள் இறுக்கமாக இருந்தால் ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். ஒரேயடியாக அறுத்துவிட்டால் கழுத்துப் பகுதியான நெக்கில் உள்ள பாரம் சட்டென்று போய், பழைய ஒட்டு விரியலாம். ஏசி அறையில் வைப்பது நல்லதுதான். ஆனால் குளிர்ந்த கிட்டாரை நேராக வெளியே கொண்டுவந்து கேஸைத் திறந்தால், இந்த ஊர்க் காற்றிலுள்ள ஈரம் உலோகப் பாகங்களில் வியர்க்கும். மூடிய கேஸோடு ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

துடைப்பதற்கு உலர்ந்த மெல்லிய பருத்தித் துணி போதும். எண்ணெய், கார் பாலிஷ், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். பழைய கிட்டார்களின் மெருகுப் பூச்சான நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை ஸ்பிரிட் இளக்கிக் கெடுத்துவிடும். துருநீக்கி ஸ்ப்ரே பிக்கப்புக்குள் போனால் திரும்ப எடுக்க முடியாது.

என்ன கிட்டார், எந்த ஆண்டு

பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கிவ்சன், கிப்டோன், ஹாப்னர் எல்லாம் இந்தியத் தயாரிப்புகள். கிப்சன் அமெரிக்கா, ஹோஃப்னர் ஜெர்மனி. 'அப்பா காலத்து கிப்சன்' என்று சொல்லி வரும் கிட்டாரின் தலையில் நடுவில் ஒரு 'வி' இருப்பது நடக்கிற கதைதான். ஜப்பானிய டெய்ஸ்கோ, குயாடோன், ஜெர்மானிய ஃப்ராமஸ் கிடைத்தால் அவற்றுக்கும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய பெயர் இல்லை என்று தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

ஆண்டை எந்த ஒரு எண்ணையும் மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கிப்சனின் 1960-களின் ஆறு இலக்க எண்கள் வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. ஃபெண்டரில் 1950-களின் நடுவிலிருந்து 1976 வரை எண், நெக்கைப் பாடியோடு பிணைக்கும் நெக் பிளேட்டில் இருக்கும், அந்த பிளேட்டோ நாலு ஸ்க்ரூவில் கழன்று வந்துவிடும். ஆகவே குறைந்தது மூன்று சாட்சிகள் வேண்டும்.

அதில் நம்பகமானது வால்யூம், டோன் கண்ட்ரோல்களின் முதுகில் அச்சிட்ட எண். கிட்டார்காரர்கள் பாட் என்பார்கள். அமெரிக்கப் பாட்களில் முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர்: 137 என்றால் சிடிஎஸ், 304 ஸ்டாக்போல், 134 சென்ட்ராலேப். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 1376632 என்றால் சிடிஎஸ், 1966, 32-ஆவது வாரம். 1950-களின் பாட்களில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் இருக்கும். கிட்டார் இந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதைத்தான் இது சொல்லும்; அதே ஆண்டு என்று சொல்லாது. ஃபெண்டர் 1966-இல் மொத்தமாக வாங்கிக் குவித்த பாட்கள் அந்தப் பத்தாண்டின் கடைசி வரை கிட்டார்களில் வந்துகொண்டிருந்தன.

எண்ணைப் படிக்க சால்டரிங் எடுக்காதீர்கள். பல் டாக்டர் கண்ணாடி ஒன்றும் மொபைல் டார்ச்சும் போதும். ஈயம் எண்ணை மறைத்திருந்தால் மறைந்த நிலையிலேயே படம் எடுங்கள். கை படாத, மங்கிய சாம்பல் நிற ஈயம் ஒரு தொழிற்சாலைச் சாட்சி. அதை உருக்கினால் எண் கிடைக்கும், சாட்சி போய்விடும்.

கிப்சனுக்கு வேறு சில அடையாளங்கள்: தலையின் பின்புறம் 'மேட் இன் யூஎஸ்ஏ' முத்திரை 1970 முதல் வருகிறது. 1960-களின் நடுவில், நெக்கும் தலையும் சேரும் இடத்தில் கம்பிகள் தங்கும் நட் என்ற துண்டின் அகலம் சுமார் 43 மி.மீ.-இலிருந்து சுமார் 40 மி.மீ.-ஆகச் சுருங்கியது, தலை சாயும் கோணமும் 17 டிகிரியிலிருந்து 14-க்கு வந்தது. ஒரு வெர்னியர் காலிப்பரும் பள்ளிப் பிள்ளையின் கோணமானியும் போதும்.

ஃபெண்டர் வகை கிட்டாரில் நெக்கின் அடிப்பகுதியில் தேதி இருக்கும். வாங்குகிறவர் அந்தப் படத்தைக் கேட்பார். கம்பிகளைத் தளர்த்தி, சரியான அளவு ஸ்டார் டிரைவரால், ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் இம்மியளவு இறுக்கும் பக்கம் திருப்பித் துருவை உடைத்து, பிறகு கழற்ற வேண்டும். மின் டிரைவர் கூடாது. பெயிண்ட் நெக்கையும் பாடியையும் சேர்த்துப் பிடித்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, கிட்டார் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள். நெக்கை ஆட்டி எடுத்தால் ஓரப் பெயிண்ட் சில்லாகப் பெயரும்.

குறை தேடும் வேலை

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வேண்டியவை: வெர்னியர் காலிப்பர், சிறு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், சமையலறைத் தராசு அல்லது லக்கேஜ் தராசு, நல்ல கேபிள், ஒரு ஆம்ப். புற ஊதா டார்ச்சை ரூபாய் நோட்டு பார்க்கும் மலிவு வகையில் வாங்கினால் ஊதா வெளிச்சமே அதிகம் அடித்து எதையும் காட்டாது.

தலை. கிப்சன் வகையில் முதலில் பார்க்க வேண்டிய இடம் நட்டுக்குப் பின்னால். சாய்ந்த தலை, ஒரே மஹோகனித் துண்டில் வெட்டியதால் மர இழை அங்கே குறுக்காக ஓடுகிறது. போதாததற்கு, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பியான ட்ரஸ் ராடுக்காக அதே இடத்தில் மரத்தைக் குடைந்திருக்கிறார்கள். நின்றபடி பின்பக்கமாக விழுந்தால் உடைவது அந்த இடம்தான். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். விரல்நுனியால் கண்ணை மூடித் தடவுங்கள். கோடு தெரிந்தால் மூன்று கேள்விகள்: எத்தனை மி.மீ. நீளம், தலையின் முன்தகடு வரை போகிறதா, எதனால் ஒட்டியிருக்கிறது?

பசை முக்கியம். பழைய ஆசாரிகளின் வஜ்ஜிரம் சூட்டில் இளகும், ஆகவே வேண்டுமானால் திறந்து மறுபடி சரியாக ஒட்டலாம். ஃபெவிக்கால் வகை வெள்ளைப் பசை இடைவெளியை நிரப்பாது; கம்பியின் இழுப்பும் சென்னை மே மாதச் சூடும் சேர்ந்தால் மெல்ல மெல்ல நகரும். கிட்டார் சுதியில் நிற்காமல் எப்போதும் இறங்கிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம். அரால்டைட் போன்ற எபாக்ஸி நகராது, ஆனால் திரும்பத் திறக்கவும் விடாது. கோட்டில் கண்ணாடி மாதிரி மஞ்சளாகத் தெரியும். ஆணியோ மர ஸ்க்ரூவோ போட்டிருந்தால் பக்கத்தில் காந்தம் காட்டுங்கள், பிடிபடும். டியூனிங் கீயின் இரும்பும் இழுக்கும் என்பதால் கீகளிலிருந்து தள்ளிப் பாருங்கள்.

ஒட்டு தாங்குகிறதா என்று சோதிக்க, மெல்லிய தாள் ஒன்றைக் கோட்டில் செருகிப் பாருங்கள். நுழைந்தால் திறந்த விரிசல். கம்பி ஏற்றவே கூடாது, 'ஒட்ட வேண்டியது' என்று எழுதியே விற்க வேண்டும். நுழையாவிட்டால் 9 கேஜ் மெல்லிய கம்பி போட்டு, சுதி சேர்த்து, 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். புதுக்கம்பி முதல் சில மணி நேரம் இறங்குவது இயல்பு. இரண்டாம் நாளும் ஆறு கம்பியும் ஒன்றாக இறங்கினால் ஒட்டு நகர்கிறது.

பெயிண்ட். புற ஊதா வெளிச்சத்தில் பழைய நைட்ரோ லேக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னால் அடித்த இடம் கருநீலத் திட்டாகத் தெரியும். தலையிலுள்ள ஒட்டை மறைக்க அடித்த 'டச்-அப்' இதில் தப்பாது. ஃபெண்டர் 1960-களின் கடைசியில் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. அவை இப்படி ஒளிராது, அதை வைத்து மறுபெயிண்ட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பட்டறையில் அடித்த பெயிண்டுக்கு இன்னும் நேரான சாட்சி உண்டு: பிக்கப் குழிக்குள், நெக் இடுக்கில், ஸ்க்ரூ துளைக்குள் பாருங்கள். பழைய நிறம் அங்கே ஒளிந்திருக்கும். தோள் பட்டை மாட்டும் ஸ்ட்ராப் பட்டனைக் கழற்றினால் அடியில் பெரும்பாலும் அசல் நிறம் வட்டமாக இருக்கும். அந்த வட்டத்தின் படம், முழு மறுபெயிண்ட் கிட்டாருக்குக் கூட மதிப்பு சேர்க்கும்.

பிக்கப். கேபிளைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, வால்யூமை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு பிக்கப்பாக அளவெடுங்கள். ஃபெண்டரின் ஸ்ட்ராட் வகை பெரும்பாலும் 5.5–6.5, கிப்சனின் பி-90 மற்றும் இரட்டைக் காயில் கொண்ட பழைய ஹம்பக்கர்கள் 7–9 கிலோ ஓம். இரண்டு திருத்தம் வேண்டும். வால்யூம் பாட் பக்கவழியில் இணைந்திருப்பதால் எண் கொஞ்சம் குறைத்தே காட்டும்: 6.0 கிலோ ஓம் பிக்கப், 250 கிலோ ஓம் பாட் இருந்தால் 5.86 என்று வரும். சூடு எதிர்ப்பக்கம் இழுக்கும். செம்பின் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 6.0 இருந்தது, 35 டிகிரி அறையில் 6.35 ஆகிவிடும். அமெரிக்க வாங்குநர் அதைப் பார்த்து 'மறுபடி சுற்றிய காயில்' என்று சந்தேகிப்பார். அறை வெப்பநிலையையும் சேர்த்து எழுதினால் அந்தச் சந்தேகம் எழாது.

20 கிலோ ஓமில் எண்ணே வராமல், 2 மெகாவில் வைத்தால் 250 அல்லது 500 கிலோ ஓம் பக்கம் காட்டினால், நீங்கள் பார்ப்பது வால்யூம் கண்ட்ரோலின் அளவு மட்டும். காயில் அறுந்திருக்கிறது. கடற்கரை ஊரின் உப்பு ஈரத்தில் தலைமயிர் கனக் கம்பி பச்சை பிடித்து அறுவது இங்கே சகஜம். செத்த அசல் பிக்கப்பைத் தூக்கிப் போடாதீர்கள். நிபுணர் கையில் அதை மறுபடி சுற்றலாம். ஹம்பக்கரின் உலோக மூடியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். மூடியின் ஈயம் கலைந்தாலே விலை இறங்கும்.

மற்றவை வேகமாக. டியூனிங் கீ மாற்றியிருந்தால் துளை விட்டத்தை அளந்து எழுதுங்கள். குரோவர், ஷாலர் கம்பெனிக் கீகள் போட 10 மி.மீ. ஆகத் துருவியிருந்தால் பழைய வகைக்குத் திரும்ப அடாப்டர் புஷ் தேவைப்படும். கூடுதல் சுவிட்ச் துளை, பெரிய பிக்கப்புக்காக வெட்டிய குழி, கேபிள் செருகும் பி-38 ஜாக்குக்காகப் பெரிதாக்கிய துளை எல்லாம் மரத்தில் கைவைத்தவை, திருப்ப முடியாதவை. மாற்றிய ஸ்க்ரூ, நாப், கப்பாசிட்டர் எல்லாம் திருப்பக்கூடியவை. பட்டியலில் இந்த இரண்டையும் கலக்காமல் எழுதுங்கள். நெக் வளைவுக்கு, ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நெக் பாடியைத் தொடும் இடத்து ஃபிரெட்டிலும் அழுத்தி, ஏழாம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி பாருங்கள், 0.25 மி.மீ. பக்கம் இருந்தால் நல்லது. அரை மி.மீ.க்கு மேல் என்றால் ட்ரஸ் ராடு வேலை செய்கிறதா என்ற கேள்வி வரும். பல ஆண்டு அசையாத ராடைப் பலம் கொண்டு முறுக்கினால் உடைந்துவிடும். கால் திருப்புக்கு இளகாவிட்டால் விட்டுவிட்டு, 'சோதிக்கவில்லை' என்று எழுதலாம்.

எதைச் சரிசெய்யலாம்?

சுருக்கமான பதில்: ஏறக்குறைய எதையும் வேண்டாம். புதுக் கம்பி போடலாம். ஜாக்கின் நட் தளர்ந்திருந்தால் இறுக்கலாம். கரகரக்கும் கண்ட்ரோலை இருபது முப்பது முறை முழுதாகத் திருப்பினாலே பாதி சரியாகும். மீதிக்கு எச்சம் விடாத கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு. கழற்றிப் போட்ட அசல் பாகம் டிராயரிலோ பழைய கேஸ் பாக்கெட்டிலோ இருக்கிறதா என்று தேடுவதுதான் உண்மையில் லாபமான வேலை. ஒரு ஜிப்லாக் பையில் போட்ட ஆறு பழைய க்ளூசன் கீகளுக்கு இருக்கும் மதிப்பு, எந்தப் புது குரோம் பாகத்துக்கும் கிடையாது.

ரீபெயிண்ட் செய்து 'பழையபடி' ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். திறந்த தலை விரிசலை ஒட்டலாமா என்பதில் மட்டும் இரண்டு கருத்து உண்டு. கிட்டார் ஒட்டிப் பழகிய நல்ல கை கிடைத்தால் ஒட்டுவது சரி. கிடைக்காவிட்டால் திறந்தபடியே விற்பது மேல்; சுத்தமான புது முறிவு, மோசமாக ஒட்டிய பழைய முறிவைவிட வாங்குபவருக்குப் பிடிக்கும்.

விலை போடுவது

ரிவெர்ப், இபே தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அது ஆசை. விற்று முடிந்த விலையை மட்டும் வடிகட்டி, அதே மாடல், முன்பின் இரண்டு ஆண்டு, ஐந்தாறு விற்பனையைக் குறித்துக்கொள்ளுங்கள். தலை முறிந்து ஒட்டியது என்றால் பாதி, முழு மறுபெயிண்ட் என்றால் பாதி என்பது வியாபாரிகள் வாயில் உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு. இரண்டும் இருந்தால் கால் பங்கு என்று இல்லை. முதல் அடி பெரியது, அடுத்தது சிறியது. ஏனென்றால் அந்த நிலையில் வாங்குகிறவர் சேகரிப்பாளர் இல்லை, வாசிப்பவர்.

உதாரணத்துக்கு, குறையில்லாமல் 3 லட்சம் போகும் கிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தலை ஒட்டுக்கு 1.5 லட்சமாக இறங்கும். மறுபெயிண்டுக்கு அதில் ஒரு 25 சதவீதம் கழித்தால் சுமார் 1.12 லட்சம். கீ துளை பெரிதானதற்கு இன்னும் ஒரு ஐந்து, பத்தாயிரம். அசல் பாட்கள், உயிருள்ள அசல் பிக்கப் இருந்தால் இந்த இடத்தில் பேரம் நிற்கும். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று போட்டு, தொண்ணூறாயிரத்துக்குக் கீழே இறங்காமல் இருப்பது நியாயம். பிரித்து விற்றால் கூடுதல் கிடைக்கும் என்ற யோசனையும் வரும், கணக்கும் சில சமயம் சரியாகவே வரும். ஆனாலும் முழுசாக நிற்கும் பழைய கிட்டாரைப் பிரிப்பது அநியாயம் என்பதே நமது கட்சி. பாடியே பிளந்துபோனால் வேறு பேச்சு.

குடும்பக் கதைக்கு விலை உண்டா? தாளில் இருந்தால் உண்டு. பழைய பில், கஸ்டம்ஸ் ரசீது, கச்சேரி மேடைப் படம். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் கிட்டாரின் ஓரச் சில்லு தெரிந்தால் அதுவே பத்திரம். 'இன்ன பாட்டில் வாசித்தது இதுதான்' என்ற வாய்ப்பேச்சை விளம்பரத்தில் சேர்த்தால், மற்ற உண்மைகளின் மேலும் சந்தேகம் விழும்.

படமும் விளம்பரமும்

காலை எட்டு மணிக்குள், மொட்டை மாடி நிழலில், சாம்பல் அல்லது வெள்ளைப் போர்வைமேல், ஃபிளாஷ் இல்லாமல். முன், பின், தலை முன், தலை பின், இரண்டு பக்கவாட்டு, ஃபிரெட்போர்டு மூன்று துண்டாக, கண்ட்ரோல் குழி, பாட் எண்கள், பிக்கப் அடிப்புறம், கேஸ். ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படம்: ஒன்று எங்கே இருக்கிறது என்று காட்ட, ஒன்று ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில். முறிவுக்குப் பக்கவெளிச்சத்தில் ஒன்று, புற ஊதாவில் ஒன்று. விரிசல் படம் பத்தாவதாக இருக்கக் கூடாது, மூன்றாவதற்குள் வர வேண்டும். கடைசியில் கண்டுபிடிக்கிறவர் ஏமாந்ததாக நினைக்கிறார். முதலில் பார்க்கிறவர் பேரம் பேசுகிறார்.

எழுத்தும் அதே வரிசையில். ஒரு மாதிரி:

'கிப்சன் எஸ்ஜி ஜூனியர், 1966–67 எனக் கணிப்பு. ஆதாரம்: இரண்டு பாட்களிலும் 13766 எனத் தொடங்கும் எண், நட் அகலம் 40 மி.மீ., சீரியல் எண் படம் 4. எடை 2.8 கிலோ. ரிப்பேர்: தலை முறிந்து ஒட்டியது, கோடு 62 மி.மீ., முன்தகடு முறியவில்லை, எபாக்ஸி எனத் தெரிகிறது, ஆணி இல்லை. 9 கேஜ் கம்பியில் 48 மணி நேரம் சுதி நின்றது. பாடி, நெக் முழுதும் மறுபெயிண்ட். அசல் செர்ரி நிறம் ஸ்ட்ராப் பட்டன் அடியில், படம் 11. அசல்: பி-90 பிக்கப், 7.9 கிலோ ஓம், அறை 30 டிகிரி, பாட்கள், கப்பாசிட்டர், பிரிட்ஜ். மாற்றியவை: கீகள், துளை 10 மி.மீ.; ஜாக்; பிக்கார்டு ஸ்க்ரூ இரண்டு. ஃபிரெட் 1–5 தேய்மானம், வாசிக்கலாம். ட்ரஸ் ராடு இரு பக்கமும் திரும்புகிறது. கேஸ் அசல் அல்ல.'

'மிண்ட் கண்டிஷன்', 'வயசுக்கு நல்லா இருக்கு' போன்ற சொற்கள் வேண்டாம். 'எனக்குத் தெரிந்தவரை அசல்' என்பதும் வேண்டாம். பார்த்ததை எழுதுங்கள், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுங்கள்.

எங்கே, யாரிடம்

உள்ளூரில் அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகள் பக்கம் விசாரிக்கலாம், ஆனால் புதுக் கருவி விற்கும் எந்தக் கடையும் அரிய பழசுக்கு முழு விலை தர முடியாது. அவர்களுக்கு அது தேங்கும் சரக்கு. கமிஷனுக்கு வைப்பதானால் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: கமிஷன் எத்தனை சதவீதம், எத்தனை நாள், குறைந்தபட்ச விலை, சேதமானால் யார் பொறுப்பு, பாகம் எதையும் மாற்றக் கூடாது. ஒப்படைக்கும் முன் பாட் எண், பிக்கப் படங்களைத் தேதியோடு எடுத்து அவர் கையெழுத்தும் வாங்குங்கள். நல்ல விலை பெரும்பாலும் வாசிப்பவர்கள் வட்டத்தில்தான் வரும்: சர்ச் இசைக்குழுக்கள், ஸ்டுடியோ கிட்டாரிஸ்டுகள், பெங்களூர், மும்பை, கொல்கத்தா, ஷில்லாங் பக்கத்து சேகரிப்பாளர்கள்.

அப்பாவின் கிட்டார் என்றால் விளம்பரத்துக்கு முன் அண்ணன், தம்பி, அக்கா, தங்கையிடம் ஒரு சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். விற்ற பிறகு 'அது எனக்குத் தருவதாக அப்பா சொன்னார்' என்று வரும் போன், வாங்கியவர் வீடு வரை போகும்.

பார்க்க வருகிறவரை வீட்டுக்கு அழைப்பதைவிட, வடபழனி, சாலிகிராமம் பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாம் ரூமில் சந்திப்பது நல்லது. ஆம்ப் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள். கிட்டாரோடு வந்த பழைய அமெரிக்க ஆம்பையும் காட்டுவதானால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகாதீர்கள். 117 வோல்ட் கருவியில் நம் 230 பாய்ந்தால் அன்றோடு முடிந்தது.

பணம் வங்கி வழியாக. ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தராது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். பணம் 'வாங்க' க்யூஆர் ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்கிறவர் மோசடிக்காரர், வேறு விளக்கமே இல்லை. வந்ததாகக் காட்டும் எஸ்எம்எஸ்ஸையும் நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். ரசீதில் மாடல், சீரியல் எண், விலை, இருவரின் அடையாள விவரம், குறைப் பட்டியல் முழுதும் இருக்கட்டும். பட்டியலின் கீழ் வாங்குபவர் கையெழுத்து போட்டால், 'தலை உடைந்ததைச் சொல்லவில்லை' என்ற பேச்சுக்கு இடமில்லை.

வெளிநாட்டுக்கு விற்றால்

ஃபிரெட்போர்டு என்ன மரம் என்பதே முதல் கேள்வி. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. தகுந்த சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம், கிட்டாரோடு போகும். நம் ஈட்டி மரம் உட்பட மற்ற ரோஸ்வுட்கள் 2017-இல் இரண்டாம் பட்டியலுக்கு வந்தாலும், 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1960-களின் பின்பாதியில்தான் பிரேசிலிலிருந்து இந்திய மரத்துக்கு மாறினார்கள், அந்தக் காலக் கிட்டார்களில் இரண்டும் கலந்து வரும். வெறும் கண்ணால் பிரித்துச் சொல்வதை சுங்கம் ஏற்காது. சந்தேகம் இருந்தால் உள்நாட்டிலேயே விற்றுவிடுவது நிம்மதி. சுங்க வகைப்பாட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் 9207-இன் கீழ் வரும். 9202 என்று எழுதினால் அது சாதாரணத் தந்திக் கருவி. நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருள் சட்டம் பற்றிக் கவலை வேண்டாம், எலெக்ட்ரிக் கிட்டாருக்கே இன்னும் நூறு ஆகவில்லை.

பேக்கிங்

உள்நாட்டில் பெங்களூர் தூரம் என்றால் ரயிலில் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதே சிறந்தது. டிக்கெட் செலவை வாங்குபவரிடம் பேசிக்கொள்ளலாம். கூரியர் என்றால் கம்பிகளை இரண்டு சுரம் இறக்குங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். தலை கேஸுக்குள் எதன்மேலும் இடிக்காமல், ஆடாமல் நிற்க வேண்டும்: நெக்குக்கு அடியிலும் தலைக்கு இரு பக்கமும் சுருட்டிய துணி வைத்து, தலைக்குப் பின்னாலும் இடைவெளி விடாதீர்கள். உடைந்த தலை இரண்டாம் முறை உடைவது அந்த வெற்றிடத்தால்தான். செல்லுலாய்டு பிக்கார்டு வெடித்திருந்தால் அதைக் கழற்றித் தனி உறையில், கிட்டாரின் உலோகத்தைத் தொடாமல் வைக்க வேண்டும். கேஸ் பூட்டைப் பூட்டாமல் டேப் சுற்றுங்கள். கேஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பஞ்சோ குமிழ்த்தாளோ வைத்து, ஐந்து அடுக்கு அட்டைப் பெட்டியில் போட்டு, உள்ளே குலுங்காமல் நிரப்புங்கள். கூரியரின் சாதாரணப் பொறுப்புத் தொகை மிகக் குறைவு. முழு மதிப்பையும் எழுதி, தனி டிரான்ஸிட் இன்ஷூரன்ஸ் எடுங்கள். மூடும் வரை ஒவ்வொரு கட்டத்தையும் வீடியோ எடுத்து, சீரியல் எண் தெரியும்படி தொடங்கி, கூரியர் ரசீது எண் ஒட்டிய பெட்டியில் முடியுங்கள். பெட்டியைத் திறப்பதையும் அதே மாதிரி வெட்டாமல் வீடியோ எடுக்க வேண்டும் என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.